ரோடு சத்தம்

காரை இடது பக்கமாக மட்டும் திருப்பினால் அந்தச் சத்தம் வராது. நேராகப் போகும்போது நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினால் அவ்வளவாகத் தெரியாது. இது வாத்தியாருக்கு அத்துப்படி. காலையில் தனியாகப் போய் ஒத்திகை வேறு பார்த்துவிட்டு வந்தார். நாலு இடது திருப்பம், வீடு வந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்காரர் நேற்றே சொல்லிவிட்டார்.

"முன்னாடி இடது சக்கரத்துல பேரிங் போச்சு சார். வலது பக்கம் ஒடிச்சா வெயிட்டு பூரா அது மேலதான் விழும். கத்தும். மாத்தாம ஓட்டாதீங்க."

"விக்கப் போற வண்டிக்கு எதுக்குங்க தண்டச் செலவு?" என்று கேட்டுவிட்டு வந்தவர்தான் வாத்தியார்.

வண்டி பார்க்க வந்தது ஒரு அம்மா. தனியாக வந்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"அவர் வந்து என்ன சார் பண்ணுவார்? அவருக்கு வண்டியில ஹாரன் மட்டும்தான் தெரியும்."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். ஜோக்குக்காக இல்லை, நிம்மதிக்காக.

அந்த அம்மா பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்தார், சாய்ந்தார், இடுப்புக்குப் பின்னால் கையை விட்டு அமுக்கிப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன் சார். வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. பஸ்ல உட்கார வைக்க முடியல, அழுதுடறாங்க. இந்த சீட்டு பரவாயில்ல. முதுகைத் தாங்குது."

"சொகுசான சீட்டும்மா."

"வாத்தியார் வண்டின்னாங்க. அதான் வேற எங்கேயும் பாக்காம நேரா வந்துட்டேன்."

வாத்தியார் சாவியைத் தேடுவது போல் குனிந்துகொண்டார். சாவி கையில்தான் இருந்தது.

கிளம்பும் நேரத்தில் மகள் ஓடிவந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். நாலாம் வகுப்பு.

"அப்பா, நானும். நம்ம வண்டில கடைசி ரவுண்டு!"

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தார். காரணம்தான் கிடைக்கவில்லை.

முதல் திருப்பம், இடது. சத்தமே இல்லை. இரண்டாவதும் இடது. பூனை மாதிரிப் போனது வண்டி. மூன்றாவது முனையில் ரோட்டைத் தோண்டிப் போட்டுக் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வேறு வழியில்லை. வலது பக்கம் ஒடித்தார்.

ஊஊங்ங்...

"என்னப்பா சத்தம்?"

"ரோடு சத்தம்மா."

"நேத்து இதே ரோட்லதானே ஸ்கூல் பஸ்ல வந்தேன்? அப்ப வரலையே?"

"சும்மா உட்காரு!"

மகள் விடுகிற ஜாதி இல்லை. "இல்லப்பா, கீழேர்ந்து வருது. நம்ம வண்டிதான்..."

அந்த அம்மா பின்னால் திரும்பினார். "ரோடுதான் பாப்பா. இந்த மாதிரி சொரசொர ரோட்ல சின்ன வண்டி எல்லாம் இப்படித்தான் கத்தும். உன் ஸ்கூல் பஸ்ஸு பெருசுல்ல, அதான் கேக்கல."

"ஓ!" மகளுக்கு ஒரே பெருமை. "எங்கப்பாவுக்கு ரோட்டைப் பத்திக்கூடத் தெரியும், பாத்தீங்களா ஆன்ட்டி?"

இப்படி ஒரு ஏமாளியா என்று முதலில் தோன்றியது வாத்தியாருக்கு. அடுத்த நிமிஷமே, முதுகில் தையலோடு ஒரு வயசான அம்மா இந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. சொல்லிவிடலாமா? தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினார். அடுத்த முனையில் மறுபடி வந்தது. மறுபடியும் விழுங்கினார். கண்ணாடியில் மகள் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

வீடு வந்தது.

"பாப்பா, ஆன்ட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வர்றியா?" என்றார் அந்த அம்மா.

மகள் உள்ளே ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் அந்த அம்மா முன்பக்க இடது சக்கரத்துக்கு எதிரே போய்க் குந்தினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். டொக் டொக் என்றது.

"பேரிங் முடிஞ்சே போச்சு. நல்லவேளை, இன்னும் சக்கரம் கழண்டு விழல."

"உங்களுக்கு... எப்படி..."

"பஸ் டிப்போல பதினாலு வருஷமா எனக்கு சக்கரம் கழட்டி மாட்டறதுதான் சார் வேலை. ரெண்டு தடவை இடது பக்கம் ஒடிச்சப்ப சத்தமே இல்ல, வலது பக்கம் ஒடிச்சதும் கத்துச்சு பாருங்க, அப்பவே புரிஞ்சிடுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்."

"எப்ப சார்? பாப்பா பின்னாடி உட்கார்ந்துட்டு அப்பா, அப்பான்னு பேசிட்டு வரும்போதா?"

தெருவில் யாரோ போனார்கள். வாத்தியாருக்கு ஊரே நின்று பார்ப்பது போல் இருந்தது.

"நான்... விலையில குறைச்சுக்கறேன்மா."

"அதை நீங்க சொல்லாட்டியும் குறைச்சுத்தான் கேட்டிருப்பேன். பேரிங்கை நானே மாத்திக்குவேன், அதுல ஒண்ணும் கஷ்டமில்ல."

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அந்த அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா உங்க மானத்தைக் காப்பாத்தப் போயி, அந்தப் பிள்ளைகிட்ட நானும் ஒரு பொய் சொல்லிட்டேன். அதை மட்டும் நீங்கதான் சார் அவகிட்ட சொல்லிச் சரி பண்ணணும்."