கேக் தின்ற மச்சான்

"ஏங்க, உங்க தம்பிக்கு மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா? அந்த மனுஷன் எச்சிலை முழுங்கிக்கிட்டு நிக்கிறாரு!"

ரொட்டி வாங்க வந்த டீச்சர் ரகசியமாகத்தான் கேட்டார். ஆனாலும் பேக்கரி முழுக்கக் கேட்டது.

கல்லாவில் இருந்த பேக்கரிக்காரர் மனைவி சிரித்து மழுப்பினாள்.

தம்பியின் காதிலும் விழுந்திருக்கும். அவன் அசையவில்லை. உள்ளே மாவு பிசைகிற மேஜைக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சுடச்சுட வெண்ணெய் கேக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

எதிரில் அவனுடைய அக்கா புருஷன். நாற்பத்தைந்து வயசில், வாழ்க்கையில் முதல் தடவையாக உடற்கட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். "பேக்கரிக்காரன்னா தொப்பை இருக்கத்தானே செய்யும்" என்று ஜிம்மில் யாரோ சிரித்தது பொறுக்காமல் கொடுத்த பெயர் அது.

அன்றிலிருந்து சர்க்கரை கிடையாது, வெண்ணெய் கிடையாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கீரை, முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள்கரு மொத்தமும் கேக்குக்குப் போனது. மாவு பிசையும்போதே தோளை விரிப்பார். அடுப்புக் கண்ணாடியில் கையை மடக்கிப் புஜத்தைப் பார்த்துக்கொள்வார். கலவையை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைக்கிற வழக்கத்தைக்கூட விட்டுவிட்டார்.

"நாக்குல பட்டா அப்புறம் அடங்காது. இத்தனை வருஷக் கை. அதுக்குத் தெரியாதா அளவு?"

இந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் வந்து சேர்ந்தான். எங்கோ தூரத்தில் வேலை பார்த்தவன். கல்யாணம், காரியம் என்றால் தலை காட்டிவிட்டுப் போவதோடு சரி. இப்போது இதே ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தான். ஆபீஸ் போகும் வழியில் தினமும் பேக்கரியில் ஆஜர்.

"மாமா, சர்க்கரையைக் கொட்டிட்டீங்களா? திகட்டுது."

"திகட்டினா வெச்சிட்டுப் போ."

"வெச்சிட்டுப் போக மனசு வரலையே!" என்று இன்னொரு துண்டை எடுத்தான்.

பேக்கரிக்காரருக்குப் பசி வயிற்றிலிருந்து தலைக்கு ஏறியது. "ஓசியில தின்னுட்டு நொட்டை வேற!" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கலவையில் சர்க்கரையைக் குறைத்தார்.

மறுநாள் பன்.

"உப்பே இல்ல மாமா. உங்க கோழிக்குப் போடாத உப்பை இதுக்காவது போடக்கூடாதா?"

அதற்கு அடுத்த நாள் பிஸ்கட்.

"பல்லு கையோட வந்துடும் போலிருக்கே!" சொல்லிக்கொண்டே கடக் முடக் என்று அதையும் கடித்து முடித்தான்.

ஒரு கட்டத்தில் அவரால் தாங்க முடியவில்லை. மனைவியிடம் வெடித்தார்.

"உன் தம்பியை வேற எங்கேயாவது போய்த் தின்னச் சொல்லு. நான் வெள்ளைக்கருவைக் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கறேன். அவன் என் மூக்குக்கு நேரா கேக்கை ஆட்டுறான்!"

"சின்னவன்தானே, விடுங்க."

"சின்னவனா? வயித்தைப் பாரு அவனுக்கு! நான் விட்ட தொப்பையை அவன் எடுத்து வெச்சுக்கிட்டான்!"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசி, அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக விட்ட பன் மாதிரி மேடையில் நின்றார். மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். விளக்கு வெளிச்சத்தில் எதிரே ஒரு முகமும் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு விசில் மட்டும் கூரையைப் பிய்த்தது.

"மாமா! மூச்சை விட்டுடாதீங்க!"

கூட்டம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மேடைப் பயம் விட்டுப்போனது.

நாலாவது இடம். பதக்கம் முதல் மூன்று பேருக்குத்தான். ஆனாலும் மனுஷன் வீடு போய்ச் சேருகிறவரை சட்டையே போடவில்லை.

சாயங்காலம் கடைக்கு வந்து, தன் ஆசைக்கென்று ஒரு பெரிய கேக் போட்டார். பாதியை வெட்டி மைத்துனன் முன்னால் வைத்தார். மேடையில் நின்று இறங்கிய சந்தோஷத்தில் பழைய கோபமெல்லாம் கரைந்திருந்தது.

"தின்னுடா மச்சான். இன்னிக்கு உன்கூட நானும் உக்காந்து தின்னப் போறேன்."

அவன் தட்டைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது.

"வேண்டாம் மாமா."

"ஏன், வெட்கமா? இத்தனை நாளும் அது எங்கே போயிருந்துச்சு?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போட்டிதான் முடிஞ்சுதே, இனி மறைக்கறதுக்கு என்ன?" என்றாள் அக்கா. "நீங்க ருசி பாக்கறதை நிறுத்தினதுலேர்ந்து கேக்கு ஒரு நாள் திகட்டிச்சு, ஒரு நாள் சப்புன்னு இருந்துச்சு. வாங்கினவங்க திருப்பிக் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. நான் வாயைத் திறந்தா, 'எனக்கே சொல்லித் தர்றியா?'ன்னு எரிஞ்சு விழுந்தீங்க. போட்டியைப் பாதியில விட்டுடுங்கன்னு சொல்லவும் மனசு வரலை. அதான் இவனைத் தினமும் வந்து ருசி பாத்துக் குறை சொல்லச் சொன்னேன்."

பேக்கரிக்காரர் கையில் எடுத்த துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது.

"சரி, நல்லதுதானே செஞ்சிருக்கான்! அப்புறம் ஏன் இப்ப மட்டும் வேண்டாங்கறான்?"

மைத்துனன் தட்டை மெதுவாக அவர் பக்கம் தள்ளினான்.

"இனிமே நீங்களே ருசி பாத்துக்குங்க மாமா. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இனிப்புன்னா குமட்டும்."