வியாழக்கிழமை ஆபிரிக்கர்

வியாழக்கிழமை பின்னேரங்களில் மட்டும் அகஸ்ரின் ஆபிரிக்கர்.

மற்ற ஆறு நாளும் அவர் மன்னார் கத்தோலிக்கர். மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. பலெர்மோத் தமிழரில் ஒருவரும் குறை சொல்ல முடியாத மரியாதையான மனிசன். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு கறுவல் வந்து இருந்தால் எழும்பி நிற்கிற அளவுக்கு மரியாதை. அவரும் நல்ல கறுப்புத்தான், அது வேறு கதை.

இப்போது போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில், சுவரோரத்து வாங்கிலில், ஏழு ஆபிரிக்கருக்குப் பக்கத்தில் எட்டாவது ஆபிரிக்கராக அடக்கமாக இருந்தார்.

ஆபிரிக்கக் குடியேறிகளுக்கு இலவச மன ஆலோசனை என்று கதவில் எழுதியிருந்தது. சுவரில் ஒரு மேளமும் ஒரு மரமுகமூடியும் தொங்கின. வருகிறவர்களுக்குச் சொந்த வீட்டில் இருப்பது போல இருக்கவேண்டுமாம். அந்த முகமூடியைப் பார்த்து அங்கே ஒருவருக்கும் வீட்டு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

அகஸ்ரினுக்கு வருத்தம் ஹெலிகொப்டர். கடலுக்கு மேலால் ஒரு ஹெலி பறந்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய்விடுவார். மன்னாரில் குண்டுக்கு ஒளிந்து பழகின உடம்பு, இத்தாலிக்கு வந்ததை இன்னும் அறியவில்லை. போன கோடையில் எட்டுத் தட்டுக் கணவாய்ப் பொரியல் அப்படியே நிலத்தில்.

வைத்தியம் பார்க்கலாம்தான். ஆனால் மூத்தவள் நிரோசினிக்குக் கலியாணம் முற்றாகிற நேரம். மாப்பிள்ளையின் தகப்பன் கொன்ஸ்ரன்ரைன், பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்.

"உங்கடை குடும்பத்திலை ஆருக்கும் விசர் கிசர் இருந்ததோ?"

சீச்சீ என்று சிரித்த அகஸ்ரினுக்கு அன்றைக்கு இரவு நித்திரையே இல்லை. தமிழர் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் எது என்று யோசித்தார். ஆபிரிக்கர் இருக்கிற இடம்! என்ன மூளை, என்ன மூளை.

இந்த இடத்தைச் சொன்னதே அவரோடு தட்டுக் கழுவுகிற கானாக்காரன்தான். கணவாய் கொட்டிய அன்று விலாசத்தை எழுதிக் கையில் வைத்தான். நானும் ஒருநாள் போகவேணும் என்றான். தை மாதம் ஊரில் அவன் மனிசி செத்துப்போனாள். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் செத்தவீட்டுக்குப் போக வழியில்லை. அதற்குப் பிறகு ஒரே தட்டை அரை மணித்தியாலம் கழுவிக்கொண்டு நிற்பான். முதலாளி கத்தினாலும் கேட்காது.

அந்த இடம் எப்படி என்று இரண்டு தரம் அகஸ்ரினிடம் கேட்டான். அகஸ்ரினுக்குப் பயம், அவனும் வந்தால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். அதெல்லாம் சும்மா, நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று சொல்லிவிட்டார்.

இங்கே பத்திரம் ஒன்றும் கேட்பதில்லை. பெயரும் நாடும் போதும். கொப்பியோடு இருக்கிற பெட்டை அகஸ்ரினின் நிறத்தைப் பார்த்தாள், சொன்னதை எழுதினாள்.

கதவு திறந்தது. தோய்த்து மினுக்கின வெள்ளைச் சேட்டோடு அதே கானாக்காரன் உள்ளே வந்தான்.

அகஸ்ரின் பக்கத்து ஆளின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்தார்.

பெட்டை பெயர் கேட்டாள். எமானுவேல், கானா என்றான் அவன்.

அவள் கொப்பியைப் புரட்டினாள். கானா எமானுவேல் இரண்டு மாதமாக ஒழுங்காக வருகிறார், அந்தா இருக்கிறார் என்று அகஸ்ரினைக் காட்டினாள்.

பின்னே என்ன செய்ய? முதல் நாள் பெயர் கேட்டபோது அகஸ்ரினுக்குத் தெரிந்த ஒரே ஆபிரிக்கப் பெயர் அதுதான்.

எழும்பி உண்மையைச் சொன்னால் முடிந்தது. சொன்னால் சரியான பெயரை எழுதுவாள், எழுதினால் இந்த இடத்தை நடத்துகிற, தமிழருக்கும் பூசை வைக்கிற பாதிரியாருக்குப் போகும், பாதிரியாருக்குப் போனது கொன்ஸ்ரன்ரைனுக்குப் போகாமல் இருக்குமா?

இவரைத் தெரியுமா என்று பெட்டை கேட்டாள். அகஸ்ரின் நிலத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தெரியாது.

எமானுவேல் அவரைப் பார்த்தான். நிரோசினியின் கலியாணப் பேச்சை, கொன்ஸ்ரன்ரைன் கேட்ட கேள்வி உட்பட, குசினியில் ஒவ்வொரு நாளும் கேட்டவன் அவன். பிறகு பெட்டையின் பக்கம் திரும்பினான்.

"மன்னிக்கவேணும், சிஞ்ஞோரினா. எமானுவேல் அவர்தான். நான் அகஸ்ரின், சிறிலங்கா."

பெட்டை கோபிக்கவில்லை, நல்ல பிள்ளை. கதவில் இருந்த எழுத்தைக் காட்டி, இது ஆபிரிக்கருக்கு மட்டும் என்று பண்பாகச் சொன்னாள். உங்கள் ஆட்களுக்கும் ஒருநாள் இப்படி ஒன்று திறப்பார்கள் என்று ஆறுதலும் சொன்னாள்.

அவன் நன்றி சொல்லிவிட்டு, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஓடிப்போய்க் கூப்பிடவேணும், கூப்பிடவேணும் என்று அகஸ்ரினின் கால் பதறியது.

டொக்டர் உள்ளேயிருந்து எமானுவேல் என்று கூப்பிட்டார்.

அகஸ்ரின் எழும்பி உள்ளே போனார்.