வெண்மதியின் கதவு

ஒரு விடுகதை. கூரை உண்டு, மழைக்கு ஒதுங்க முடியாது. கதவு உண்டு, திறந்து உள்ளே போனால் அங்கேயும் தெருதான். அது என்ன வீடு? சொல்லுங்கள் பார்க்கலாம்.

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் இதைக் கேட்டிருந்தால், ஒன்பது வயது வெண்மதி உடனே சொல்லியிருப்பாள்:

"சூட்டிங் வூடு."

இரண்டாயிரத்து இரண்டில் அப்படி ஒரு வீடு அங்கே எழுந்தது. முன்பக்கம் மட்டும்தான் வீடு. பின்னால் சவுக்குக் கம்புகள் முட்டுக்கொடுத்து நின்றன.

கட்டச் சொன்னவர் இயக்குநர் சைமன்ராஜ். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஊழியர். சென்னைக்குப் போய் இரண்டு படம் எடுத்தார். இரண்டும் ஒரு வாரம் தாங்கவில்லை. இப்போது டி.வி. தொடர். சுரங்கத்துக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பத்தின் கதை.

"முதல் வாரமே ஜனங்க அழணும். இல்லைன்னா நிறுத்திடுவோம்" என்று சேனல்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

அதனால் அவர் எல்லாவற்றிலும் உண்மையைக் கேட்டார்.

"கிளிசரின் கூடாது. புதுக் கதவு கூடாது. சென்னைக் குழந்தையும் வேண்டாம். நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளையா ஒண்ணு பாருங்க."

வெண்மதி கிடைத்தாள். போன தை மாதம்தான் அவர்கள் வீடு போயிருந்தது. புது இடத்தில் கூரை போட்டாயிற்று. வாசலில் சாக்கு தொங்கியது.

காட்சி இதுதான். புல்டோசர் வரும். வெண்மதி கதவைக் கட்டிக்கொண்டு, "எங்க வூட்ட இடிக்காதீங்க" என்று அழ வேண்டும். இயக்குநர் கையைத் தூக்கியதும், அம்மாவாக நடிக்கும் ஸ்டெல்லாவிடம் ஓடிவிட வேண்டும். புல்டோசர் வீட்டைத் தள்ளிவிடும். இருப்பது ஒரே வீடு. ஒரே டேக்.

ஒத்திகைக்கு முன்னால் சைமன்ராஜ் செட்டைச் சுற்றிப் பார்த்தார். கதவில் சிவப்புப் பெயிண்டில் 63 என்று எழுதியிருந்தது.

"நிலம் அளக்கறவங்க எழுதற நம்பரைக்கூட விடலை. சபாஷ்யா" என்று கலை இயக்குநர் சக்கரபாணியின் தோளைத் தட்டினார். சக்கரபாணி அடக்கமாகச் சிரித்தார்.

வெண்மதி கதவருகே போனாள். நம்பரைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் நுழைந்து பின்புறம் போனாள்.

"பாப்பா, அங்க என்ன?"

"சும்மா சார்."

திரும்பி வந்து, கதவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேமராமேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சைமன்ராஜ் உள்ளூர் நிருபர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இது நடிப்பு இல்ல, மண்ணோட வலி. வாயில்லாத ஜனங்களுக்கு என் தொடர்தான் வாய். எழுதிக்குங்க."

ஒரே குறை. கையைத் தூக்கியும் அவள் கதவை விடவில்லை. நான்கு ஒத்திகையிலும் ஸ்டெல்லாதான் பிய்த்து இழுக்க வேண்டியிருந்தது.

"கேமராவ விட்டு நகர மனசு வரல இதுக்கு" என்றார் ஸ்டெல்லா. "அரை நாள்ல ஹீரோயின் ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

டேக் தொடங்கியது. புல்டோசர் வந்தது. வெண்மதி அழுதாள். இயக்குநர் கையைத் தூக்கினார். அவள் நகரவில்லை.

பத்தடி தூரத்தில் புல்டோசர் நின்றது. ஓட்டுநர் நல்லசாமி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"உன்னை யாருய்யா நிறுத்தச் சொன்னது?"

"புள்ள கதவப் புடிச்சிகினு நிக்குதுங்க. எப்படிங்க ஏத்துறது?"

சைமன்ராஜ் வெண்மதியின் முன்னால் குனிந்தார்.

"கண்ணு, நாலு மணிக்கு புல்டோசர் போயிடும். கதவை விட்டாத்தானே இடிக்க முடியும்?"

"அதாங்க சார் விடல."

"ஏன்?"

"இது எங்க வூட்டுக் கதவு."

"ரொம்ப சரி. அப்படி நினைச்சுதான் நடிக்கணும். ஆனா..."

"நெனச்சில்லாம் இல்ல சார். பின்னால பாருங்க."

அவர் பின்னால் போய்ப் பார்த்தார். கதவில் கத்தியால் கீறிய ஐந்து கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெண்மதி என்று ஆணியால் எழுதியிருந்தது. மேல்கோடு அவள் நெற்றிக்கு நேராக இருந்தது.

"பொங்கலுக்குப் பொங்கல் எங்கப்பா நிக்கவெச்சி கீறும்" என்றாள் வெண்மதி. "கூரைக்கு ஓலை வாங்கணும்னு வித்துடுச்சி."

சக்கரபாணி தலையைச் சொறிந்தார். "மந்தாரக்குப்பத்துல பழைய மரக்கடையில எடுத்தேன் சார். நம்பரும் அதுலயே இருந்துச்சு."

சைமன்ராஜ் கோடுகளை விரலால் தடவினார். அவர் கண்கள் கலங்கின. நிருபர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் தழுதழுத்த குரலில். "சக்கரபாணி, கதவைத் திருப்பி மாட்டு. இந்தக் கோடெல்லாம் கேமராவுக்குத் தெரியணும். குளோசப்ல இதுமேலதான் புல்டோசர் ஏறணும். ஊரே அழும்."

சக்கரபாணி அசையவில்லை. நல்லசாமி புல்டோசர் பக்கம் போகவில்லை. நிருபர்கள் இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சைமன்ராஜ் தொண்டையைச் செருமினார்.

"நான் யாரையும் கட்டாயப்படுத்துற ஆள் இல்ல. வெண்மதி, நீயே சொல்லு. சொன்னபடி செஞ்சா, தொடர் முழுக்க நீதான். இருநூறு எபிசோடு. உங்க ஊரே உன்னை டி.வி.ல பார்க்கும். இல்லைன்னா, இந்தப் பழைய கதவைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். ரெண்டுல எது?"

கேட்டுவிட்டு, நிருபர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

வெண்மதி கதவைக் கேட்டாள்.