தூது

"டீ குடி தங்கச்சி. அப்புறம் பேசலாம்."

"வேண்டாம் தலைவரே. குடிச்சா எங்க போறது? அட்டை என் கைக்கு வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்."

சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த யின்ஃபெங் கோப்பையைத் தள்ளி வைத்தாள். சீனாவின் தோங்குவானில் இருந்த அந்தப் பொம்மைத் தொழிற்சாலையில், ஒரு வரிசையில் உட்கார்ந்து வேலை செய்யும் அத்தனை பேருக்கும் கழிவறைக்குப் போக ஒரே ஓர் அட்டை. கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் எழ முடியும். அட்டையில்லாமல் எழுந்தால் சம்பளத்தில் பிடித்தம்.

அவள் பக்கத்தில் உட்காரும் சாய்லியனுக்கு ஏழாவது மாதம். நிறையத் தண்ணீர் குடி என்கிறார் டாக்டர். அவளோ, பாவம், எழுந்து போக முடியாதே என்று பயந்து, வேலை நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. நேற்று கரடிப் பொம்மைக்குக் கண் தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

"வரிசைக்கு இன்னும் மூணு அட்டை வேணும். பிள்ளைத்தாச்சிகிட்ட அட்டையே கேட்கக் கூடாது. இவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்துதான் என்னை அனுப்பியிருக்காங்க."

"நியாயம்தான். முழுக்க நியாயம்," என்றார் சங்கத் தலைவர் பாங். "சங்கம்னா உங்களுக்கெல்லாம் தாய்வீடு மாதிரி. இரு, நிர்வாகத்தை ஒரு கை பார்த்துட்டு வர்றேன்."

பின்னால் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று அவர் கத்துவதும் மேஜையைத் தட்டுவதும் கேட்டன. நெற்றியைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"ஒத்துக்க மாட்டேங்கறாங்க தங்கச்சி. உற்பத்தி குறையுமாம்."

"பொண்ணு மயங்கி விழுந்தா மட்டும் கூடுமா? அது சரி, உங்க சத்தம்தான் கேட்டுச்சு. அங்கேருந்து ஒரு பேச்சையும் காணோமே?"

"பெரிய இடத்துல மெதுவாத்தான் பேசுவாங்க."

"அப்ப இன்னொரு தடவை போய் மெதுவா கேட்டுட்டு வாங்க."

போனார். இந்தத் தடவை மேஜை இரண்டு முறை அதிர்ந்தது.

"பாதிக்குப் பாதி ஜெயிச்சாச்சு," என்று சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு அட்டை கூடுதலா தர்றாங்க. அடுத்த வருஷப் பிறப்பு வசந்த விழா முடிஞ்சதும்."

"அதுக்குள்ள அந்தக் குழந்தை பொறந்து தவழ ஆரம்பிச்சிடும் தலைவரே."

"கொஞ்சம் விட்டுக் கொடுத்தாத்தானே பேச்சுவார்த்தை?"

"நாங்க எதை விட்டுக் கொடுக்கறது? மூத்திரத்தையா?"

பாங் மறுபடி டீயை அவள் பக்கம் நகர்த்தினார். யின்ஃபெங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க தூது போனது போதும். நானே பேசிக்கறேன்."

"அது முறையில்ல, தங்கச்சி…"

அதற்குள் அவள் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

உள்ளே ஒரு மேஜை, மெத்தை வைத்த ஒரு நாற்காலி. ஆள் யாரும் இல்லை. வெளியே போக வேறு வாசலும் இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே வந்த பாங், மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இந்தாம்மா, நிர்வாகத்துக்கிட்ட இப்படி நேரா வந்து நிக்கக் கூடாது," என்றார். "எதுவா இருந்தாலும் உங்க சங்கத் தலைவர் மூலமா வாங்க."