ஆளில்லாத அறையின் தண்ணீர்

கீழ்த்தளத்து மோட்டார் அறையில் இருந்தவர்கள்: மேலாளர் லாய். அறை சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவியான ஷூ-சிங் அக்கா. தண்ணீர் மீட்டர் நிறுவனத்திலிருந்து வந்திருந்த சியூ. பழுது பார்ப்பவன் நான்.

ஆறாவது மாடியில், 617-இல், ரத்மி. அவள் அங்கே இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

617 பூஞ்சை பிடித்த அறை. மார்ச்சிலிருந்து மூடிக் கிடக்கிறது.

சியூவின் திரையில் ஓட்டலின் எல்லா அறைகளும் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. தண்ணீர் ஓடினால் கட்டம் நீலமாகும். புது மீட்டர் வைத்துப் பதினோரு நாள். பதினோரு நாளும் 617 நீலமாகி நீலமாகி அணைந்திருந்தது.

“தண்ணிய மிச்சம் பிடிக்க மெஷின் வைய்யான்னா, இல்லாத ஆளையெல்லாம் எண்ணிக் காட்டற,” என்றார் லாய்.

சியூ சிரிக்கவில்லை.

“கசிவுன்னா நாள் பூரா சொட்டணும் சார். இது நாளைக்கு அஞ்சு தடவ. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை லிட்டர். சாயங்காலம் வர்றது தினமும் ஒரு நிமிஷம் முந்திக்குது. கசிவுக்குச் சூரியன் எப்ப விழுதுன்னு தெரியுமா?”

கசிவுக்குத் தெரியாது. ரத்மிக்குத் தெரியும். அவள் கைபேசியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்காது, அதிரும். அதிர்ந்ததும் எழுந்து முகம், கை, கால் கழுவி ஒளு செய்வாள்.

குடிக்கவும் கழிப்பறைக்கும் நான் வாளியில் கொண்டுபோய் வைத்தேன். குழாயைத் தொடாதே என்றேன். தொழுகைக்கு மட்டும் ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்றாள். “நூல் மாதிரிதான் தொறக்கறேன்.” பழைய மீட்டருக்கு அந்த நூல் தெரிந்ததில்லை.

ஜாவாவிலிருந்து தைபேய்க்கு, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவள். அந்த வீட்டார் வெளியே போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஓடிவிட்டாள். பிடிபட்டால் அவளைத் திருப்பி அனுப்புவார்கள். ஒளித்து வைத்தவனையும் விடமாட்டார்கள்.

ஷூ-சிங் அக்கா குரலைத் தாழ்த்தினாள். “ஏழாம் மாசம் பொறந்த அன்னிக்கே ஆரம்பிச்சிருக்கு. வேற யாரு? நல்ல அண்ணன்மாருதான்.”

சீனக் கணக்கில் ஏழாம் மாதம் செத்தவர்கள் திரும்பி வரும் மாதம். அதில் பேய் என்ற சொல்லை நாங்கள் வாயால் சொல்வதில்லை, நல்ல அண்ணன்மார் என்போம்.

“அண்ணன்மாரு எதுக்கு அக்கா கை கழுவணும்?” என்றார் சியூ.

“சாப்பிட வந்திருப்பாங்க. உன்ன மாதிரி கழுவாம உக்கார்றவங்கன்னு நெனச்சியா?”

லாய் எழுந்தார். “வாங்க, தொறந்தே பாத்துடலாம்.”

என் வாய் முந்திக்கொண்டது. “வேணாம் சார். உள்ள யாரோ முணுமுணுக்கறத ரெண்டு தடவ கேட்டிருக்கேன்.”

பொய்யில்லை. தொழும்போது அவள் உதடு சும்மா இருக்காது.

லாய் மறுபடி உட்கார்ந்தார். அவர் முகம் காதுவரை வெளுத்திருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போது மணி மூன்று இருபத்தாறு. கட்டம் நீலமானது.

நான்கு பேரும் அசையாமல் பார்த்தோம். 0.2. 0.4. 0.7.

“மூடு,” என்றார் லாய். “அந்த ரூமுக்குத் தண்ணிய மூடுய்யா!”

சியூ திரையை விரலால் தொட்டார். எண் 0.9-இல் நின்றது.

முகம் நனைந்திருக்கும். முழங்கைவரை நனைந்திருக்கும். கால் நனைந்திருக்காது.

லாய் வரவேற்பறைக்குப் போன் செய்தார். ஆறாவது மாடிக்கு இனி ஊழியர் யாருடைய சாவி அட்டையும் வேலை செய்யக் கூடாது, தன்னுடையதைத் தவிர. பிறகு என்னைப் பார்த்தார். “நீ டிரில்ல எடு. வெளிப்பக்கம் கொண்டி வச்சுப் பூட்டிடலாம். மாசம் முடியட்டும்.”

மாதம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது.

லிஃப்டில் ஏறும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். எங்கள் மொழியில் நான்கு சாவு மாதிரி ஒலிக்கும், அதனால் எங்கள் லிஃப்டில் நான்கு கிடையாது. மூன்றுக்கு அடுத்தது ஐந்து. யோசிக்க ஒரு மாடி குறைவு.

அக்கா கதவருகே பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கினாள். ஊதுபத்தியைக் கொளுத்தப் போனாள்.

“தீ அலாரம் அடிக்கும் அக்கா,” என்றார் சியூ. கொளுத்தாத பத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு நிலையில் துளை போட்டேன். முதல் துளை கோணலாகிவிட்டது. இருமினேன். என் இருமல் ரத்மிக்குத் தெரியும். உள்ளே ஓர் அசைவும் இல்லை.

அந்த அறையின் ஜன்னல் திறக்காது. காலையில் நான் வைத்த வாளியில் பாதி இருக்கலாம்.

கொண்டியை மாட்டி முடித்தேன். லாய் கதவை நோக்கித் தலை குனிந்தார். ஆளில்லாத அறையானாலும் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வது எங்கள் வழக்கம். மூன்று முறை தட்டினார்.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. பூட்டிட்டுப் போறோம். மாசம் முடிஞ்சதும் தொறந்துடுவோம்.”

அவளுக்கு எங்கள் பேச்சு நன்றாகவே புரியும். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

காத்திருந்தேன்.

மூன்று தட்டு கேட்டால் வெளியே நிற்பது நான். என்ன நடந்தாலும் சத்தம் போடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் நாளே அவளிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன்.

லாய் பூட்டை அழுத்தினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.