ஏன் இங்கே மட்டும்?

“காடு பூரா சுத்தி வந்தாச்சு. இந்த ஒரு இடத்துல மட்டும் ஏன்?”

வாத்தியாரின் மனைவி குனிந்து நின்றாள். ஒரு சின்னப் பாய் விரிக்கும் அளவு இடத்தில், உதிர்ந்த இலைகளை முட்டித் தள்ளிக்கொண்டு பழுப்புக் காளான்கள் கூட்டமாக முளைத்திருந்தன. இரண்டடி தள்ளி ஒன்றுகூட இல்லை.

வாத்தியார் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். பள்ளியில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஏன் சார்’. வரும் வழியெல்லாம் மனிதர் வாய் ஓயவில்லை. இலையில் பச்சை கரைந்ததும் உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் தெரிகிறது; காளான் என்று நாம் பறிப்பது வெறும் காய் மாதிரி, அதன் உடம்பு மண்ணுக்குள் நூல்நூலாக ஓடுகிறது. எல்லாம் சொன்னவர், இந்தத் திருப்பம் வந்ததும் ஊமையாகிவிட்டார்.

“என்ன வாத்தியாரே, சரக்கு தீந்துபோச்சா?”

“நிழல் அதிகமா இருக்கும்.”

“அங்கயும் அதே நிழல்தான். அதே மரம், அதே ஈரம்.” குச்சியால் மண்ணைக் கிளறப் போனாள்.

“நோண்டாத. விடு.” பிறகு மெதுவாக, “ஆறு மணிக்கு ரயில். இப்போ கிளம்பினாக்கூட உன் தங்கச்சியைப் பாத்துடலாம். அப்புறம் ஃபிளைட் ஏறி வேற நாட்டுக்குப் போறா. திரும்ப எப்போ வருவாளோ.”

“அவ பேச்சை எடுக்காதீங்க.”

“மூணு வருஷம் ஆச்சும்மா.”

“ஆகட்டும். கேட்டைச் சாத்திட்டுப் போடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். பொட்டு, பத்து வருஷம் வளர்த்த நாய். கேட்டு திறந்து கிடந்துச்சு, ஓடிப்போச்சு. அதைக்கூட மறந்துடுவேன். ‘நான் சாத்திட்டுத்தான்க்கா போனேன்’னு கிளிப்பிள்ளை மாதிரி சாதிச்சா பாருங்க, அந்தப் பொய்தான் ஆறல.”

“அவசரத்துல மறந்திருப்பா.”

“அப்போ மறந்துட்டேன்னு சொல்லட்டுமே. அடுத்த நிமிஷம் அவளைக் கட்டிப் பிடிச்சிருப்பேன்.”

அவள் நிமிர்ந்து புடவையில் ஒட்டிய சருகைத் தட்டினாள். “வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

அவர் நகரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால்.

“நீ கேட்டதுக்குப் பதில் எனக்குத் தெரியும்,” என்றார். “இந்தக் காளான் கண்ட இடத்துல வராது. மண்ணுக்கடியில ஒரு உடம்பு மக்கி, அந்தச் சத்து இறங்கின இடத்துலதான் வரும்.”

அவள் காளான்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்குக் காரைப் பின்னால எடுத்தேன். பொட்டு நின்னதைப் பாக்கல. நீ தாங்க மாட்டியேன்னு இங்க கொண்டுவந்து புதைச்சேன். கேட்டை உன் தங்கச்சி சாத்திட்டுத்தான் போனா. திறந்தவன் நான்.”