ராபர்ட் சொன்ன லைன்

ஊட்டியிலிருந்து திரும்பிய சுப்பராயலு மாமா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை ஃபோனில் சொன்னதால், திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

"என்ன மாமா, டிரவுட் மீன் மாட்டலியா?"

"மீனு கெடக்குதுடா, மானமே பூடுச்சி. சம்பந்தி எதிர்ல தூண்டில வீசறேன், மெதக்குற லைனு, அதான் தூண்டி கவுறு, மெழுகுவத்தி மாதிரி வெறச்சிக்கினு நிக்குது."

"ஏன் மாமா?"

"தேங்காண்ணெ தடவுனேன். ஊட்டி குளுருல ஒறஞ்சிடுச்சி. சம்பந்தி வூடே சிரிக்குது."

"லைனுக்கு யாராச்சும் தேங்காண்ணெ தடவுவாங்களா?"

"ராபர்ட்டு சொன்னாரு."

மாமா ஃபோனைக் காட்டினார். நாற்பது வருடமாக அமெரிக்க ஆறுகளில் டிரவுட் பிடிக்கும் ராபர்ட், எந்த மிதக்கும் லைனை வாங்க வேண்டும், அது மூழ்காமலிருக்க எதைத் தடவ வேண்டும் என்று இணையத்தில் விளக்கியிருந்தார். இரண்டு மாதம் அதைப் படித்துத்தான் மாமா லைன் வாங்கியிருந்தார்.

"அந்தாளு எழுதுனது தப்பு மாமா."

"வாயக் கழுவுடா. வீடூர் டேமத் தாண்டி தண்ணியப் பாக்காத பய, ராபர்ட்டக் கொறை சொல்றியா? நான்தான் கெட்டியா தடவிட்டேன். இங்கிலீஷ்ல அவருக்கு ஒரு மன்னிப்பு எழுது."

மாமா சொல்லச் சொல்ல அவர் ஃபோனிலேயே தட்டி, ராபர்ட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த நொடியே என் சட்டைப்பையிலிருந்த ஃபோன் 'டிங்' என்றது.

"ராபர்ட்டு பதில் போடுவாராடா?"

"போடுவாரு மாமா," என்றேன். "என்ன எழுதறதுன்னுதான் அவருக்குத் தெரியல."